இதற்கு முன் யாரிடம் இருந்தது?

அத்தை போனில் கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"இங்க ஒருத்தர் பொண்ணைக் கூட்டிட்டு வந்து எதிர்ல உட்கார்ந்திருக்காரு," என்றார் அத்தை, மிக மெதுவாக. "நீ போட்டுக் கொடுத்த ஃபாரத்துல 'இதுவரை எத்தனை கை மாறியது'ன்னு ஒரு கேள்வி வருது. பொண்ணு படிச்சிட்டா. அவங்க அப்பாவும் படிச்சிட்டாரு. நான் இப்ப என்ன சொல்லணும்?"

"பூஜ்யம்னு போடச் சொல்லுங்க அத்தை," என்றாள் சின்னவள். "எதுவும் போடலைன்னா சேவ் ஆகாது."

நாற்காலி தரையில் உரசும் சத்தமும், தடதடவென்று படி இறங்கும் சத்தமும் போனில் தெளிவாகக் கேட்டன.

"போயிட்டாங்க," என்றார் அத்தை. "நீ கிளம்பி வா."

சின்னவளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. வீட்டில் இரண்டாவதாகப் பிறந்த பாவத்துக்கு இன்னும் சின்னவள்தான். சில மாதங்களுக்கு முன்புவரை ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தாள். கடை, பள்ளி, மருத்துவமனை என்று யார் வந்து கேட்டாலும், விவரங்களைக் கணினியில் பதிந்து வைக்கப் படிவங்கள் செய்து கொடுப்பது வேலை. பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று அதே கட்டங்களை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து போட்டுப் போட்டு அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது. ஒரே ஒரு தாய்ப் படிவம் செய்துவைத்தால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கும், தாயில் ஒரு எழுத்தைத் திருத்தினால் பிள்ளைகள் எல்லாவற்றிலும் தானாகத் திருந்தும் என்று மேலாளரிடம் சொன்னாள். மேலாளர் சிரித்தார். ஊரில் உள்ள எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்கப் போகிறாயா என்று கேட்டார். அறையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள்.

"தைச்சுக் காட்டறேன்," என்று சொல்லிவிட்டு மறுநாளே வேலையை விட்டாள்.

வீட்டு முன்னறையில், துணி தேய்க்கும் மேஜையில் கணினியை வைத்துத் தொழிலைத் தொடங்கினாள். துணி அதிகம் சேர்ந்துவிட்டால் அம்மா கணினியை நாற்காலிக்கு மாற்றிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுப்பாள். வாடிக்கையாளர் என்று இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் அம்மாவின் தம்பி. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். இன்னொருவர் அப்பாவின் அக்கா. மருந்துக்கடை மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்தினார்.

இந்த மாமாவும் அந்த அத்தையும் நேருக்கு நேர் பேசிக் கொள்வதில்லை. சின்னவளின் அப்பா அம்மா கல்யாணத்தன்று மாமா கொண்டுவந்த வண்டி நடுவழியில் படுத்துக்கொண்டது. அதில் ஏறிய பெண் வீட்டுச் சொந்தங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அத்தை ஒரு வார்த்தை சொன்னார். என்ன வார்த்தை என்பது இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் மாமா அதை மறக்கவில்லை.

மாமாவுக்குச் செய்த படிவத்தைத்தான் சின்னவள் அத்தைக்கும் கொடுத்திருந்தாள். தலைப்பை மாற்றி, நீலத்தை ரோஜா நிறமாக்கி, வண்டிக் கேள்விகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்தாள். மறைத்தாளே தவிர, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற விதியை எடுக்க மறந்துவிட்டாள். அத்தையின் அலுவலகத்தில் வந்தவர்கள் எல்லாவற்றையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், விடுபட்டதை நிரப்பு என்று திரை திரும்பத் திரும்பக் கேட்டது. எது விடுபட்டது என்று தெரியாமல் ஒரு மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துத் தேடினார். சரி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று மறைத்ததை எல்லாம் வெளியே கொண்டுவந்தாள். அதன் பலன்தான் அந்த போன்.

அத்தையின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, 'எத்தனை கை மாறியது' என்பதை அழித்துவிட்டு, 'முந்தைய திருமணங்கள்' என்று திருத்தினாள். தாய்ப் படிவத்தில்தான் திருத்தினாள். பிள்ளைகள் எல்லாம் தானாகத் திருந்தின.

மறுநாள் ஒரு லாரிக்காரர் மனைவியோடு மாமா கடைக்கு வந்தார். லாரியை விற்க வேண்டும். கடையில் இருந்த கணினி அவரிடம், முந்தைய திருமணங்கள் எத்தனை என்று கேட்டது. சிவப்பு நட்சத்திரம் வேறு போட்டிருந்தது. லாரிக்காரர் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்ல அவர் யோசித்த நேரம் கொஞ்சம் கூடிவிட்டது. மனைவி லாரியில் ஏறிச் சாவியைப் போட்டு, தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். லாரிக்காரர் பின்னாலேயே நடந்து போனார்.

மாமா முன்னறைக்கு வந்து, சாவிக்கொத்தைத் தேய்க்க வைத்திருந்த சட்டையின் மேல் வீசினார். அந்த அத்தைக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்து கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்றார். அம்மாவும் தம்பி பக்கம் சாய்ந்தாள்.

"ரெண்டு பேருக்கும் வேற வேற அடிச்சுக் கொடுத்தா உன் கிரீடமா இறங்கிடும்?"

"அப்ப நான் அந்த வேலையை விட்டதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றாள் சின்னவள். "ஃபாரம் ஒண்ணுதான். டேட்டாதான் வேற வேற. மாமாவோடது மாமா பெட்டிக்குப் போகும், அத்தையோடது அத்தை பெட்டிக்குப் போகும். ஒரு சொட்டு கலக்காது. வார்த்தைதான் தகராறு. அதை நான் பார்த்துக்கறேன்."

அன்று முழுக்க மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. வண்டிக்கும் பொருந்த வேண்டும், மனிதருக்கும் பொருந்த வேண்டும். ஒவ்வொரு கேள்வியாகச் செதுக்கினாள். இதற்கு முன் யாரிடம் இருந்தது? இதுவரை எவ்வளவு ஓட்டம்? அடிபட்டது உண்டா, அது சரியாகிவிட்டதா? சத்தம் வருமா, எப்போது வரும்? காலையில் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும்? பராமரிக்க என்ன செலவாகும்? ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள்? பொத்தானையும் விடவில்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே பொத்தான், எந்த இடத்தில் அழுத்துகிறோமோ அந்த இடத்துப் பெட்டிக்கே போகும் என்ற கணக்கில் மாற்றினாள்.

முடிந்ததும் அம்மாவிடம் படித்துக் காட்டினாள். அம்மா ஒருமுறை கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"இது உங்கப்பாவைப் பத்தியா?"

உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா இருமினார்.

அத்தை புதுப் படிவத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை என்றார். ஆனால் வந்தவர்கள் பதில் எழுதினார்கள். அதுவரை அத்தையின் மையத்தில் பதிவான எல்லோருமே நல்ல குணம் உள்ளவர்கள், எளிமையானவர்கள், பெரியவர்களை மதிப்பவர்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதியிருப்பார். புதுக் கேள்விகளுக்குப் பார்த்து எழுத முன்மாதிரி இல்லை. வேறு வழியில்லாமல் உண்மையை எழுதினார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், இதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதற்கு, 'அம்மாவிடம். இன்னும் முழுதாக விடுபடவில்லை' என்று எழுதினார். மருந்தாளுநர் பெண் ஒருத்தி, காலையில் கிளம்ப எவ்வளவு நேரம் என்பதற்கு, 'யார் எழுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது' என்றாள். சத்தம் வருமா என்ற கட்டத்தில் ஆண்கள் பெரும்பாலும் குறட்டையை ஒப்புக்கொண்டார்கள். இடது பக்கம் திரும்பிப் படுக்கவைத்தால் நின்றுவிடும் என்று ஒருவர் வழியும் சொல்லியிருந்தார்.

மாமாவும் இந்தக் கேள்விகளில் குறை காணவில்லை. கடைக்கு வந்த யாரோ ஒருவர் நின்றபடியே விவரம் எல்லாம் அடித்துவிட்டுப் போனதாகவும், இப்போது தேடினால் அது கிடைக்கவில்லை என்றும் மட்டும் சொன்னார். சேவ் பண்ணாமல் மூடியிருப்பார், எல்லாவற்றுக்கும் என் தலையை உருட்டாதீர்கள் என்று சின்னவள் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. அதற்கு மேல் தாங்கவில்லை.

ஒரு பையன் வீட்டில் சரி என்றும், அதே பையனின் சித்தப்பா வேண்டாம் என்றும் சொல்லி அத்தைக்கு ஒரு சம்பந்தம் கலைந்தது. இனிமேல் 'இரு வீட்டார் சம்மதம்' என்று ஒரு கட்டம் வேண்டும், அதில் குறி போடாமல் எதுவும் முடியக் கூடாது என்றார். சின்னவள் போட்டுக் கொடுத்தாள். மாமா கடையில் ஒரு காரை வாங்க முன்பணத்தோடு வந்தவர் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, அதுவும் நியாயம்தான் என்று வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டார். திரும்பி வரவே இல்லை.

மாமா பதிலுக்குத் தன் பங்கைக் கேட்டார். வாங்கிப்போன பிறகு அது சரியில்லை, இது சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறார்களாம். ஆகவே 'முடிவு செய்வதற்கு முன் ஒரு சுற்று போய்ப் பார்த்தீர்களா' என்று ஒரு கேள்வி வேண்டும். அதுவும் கட்டாயமாக. மாமா வருத்தத்தில் இருந்ததால் சின்னவளால் மறுக்க முடியவில்லை.

அந்தக் கேள்வி அத்தையின் திரையில் ரோஜா நிறத்தில் வந்து நின்றபோது எதிரே உட்கார்ந்திருந்தவர் கணக்கு டீச்சர்.

கணக்கு டீச்சரைக் கண்டாலே அத்தைக்கு அலுப்பு. அத்தை காட்டிய அத்தனை வரன்களையும் தள்ளியவர் அவர். ஒருவரை எழுத்துப்பிழைக்காகவே தள்ளினார். முகம் பார்த்து மயங்கினவர்கள்தான் பிறகு சண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள் என்பதால் அத்தை தன் மையத்தில் புகைப்படம் வைப்பதில்லை. எழுதியதைப் படித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டீச்சர் விடைத்தாள் திருத்துவதுபோல எல்லாப் பதிவுகளையும் படித்துக்கொண்டு வந்தவர், ஒன்றில் நின்றுவிட்டார். தொழில் என்ற கட்டத்தில் கண்ணாடி வெட்டிப் பொருத்துபவர் என்று இருந்தது.

'இதற்கு முன் வேறு யாரிடமும் இல்லை. நிறைய ஓட்டம்தான். இன்னும் ஓடத் தெம்பு இருக்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்டது, சரியாகிவிட்டது, ஆனாலும் மறைக்க விரும்பவில்லை. மேடு ஏறும்போது கொஞ்சம் முனகல் வரும், நடுவழியில் கைவிட்டது கிடையாது. குளிர்காலத்தில் காலையில் கிளம்பப் பொறுமை வேண்டும். பராமரிப்பு அதிகம் இல்லை, நேரத்துக்குக் கவனித்தால் போதும். இத்தனை நாள் தனியாக ஓடியாயிற்று. இனி ஒரு குடும்பத்துக்குள் போனால் நன்றாக இருக்கும்.'

டீச்சர் அதை இரண்டாம் முறை படித்தார். அவர் எதையும் இரண்டாம் முறை படித்து அத்தை பார்த்ததில்லை.

"இவரைப் பார்க்கணும்," என்றார் டீச்சர். "கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொன்ன மனுஷன் இவர் ஒருத்தர்தான்."

அத்தை அங்கேயே போன் போட்டார். உங்கள் பதிவு ஒருவருக்குப் பிடித்திருக்கிறது, நேரில் பார்க்க ஆசைப்படுகிறார் என்றார். கண்ணாடிக்காரர், எப்போது வேண்டுமானாலும் வரட்டும், பட்டப்பகலில் பார்ப்பதுதான் நல்லது, ஒளித்துவைக்க ஒன்றுமில்லை என்றார். ஏதாவது நிபந்தனை உண்டா என்று அத்தை கேட்டதற்கு, நன்றாக வைத்துக்கொண்டால் போதும், தான் பேரம் பேசுகிற ஆள் இல்லை என்றார். போனை வைத்தபோது அத்தையின் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

வழக்கமாக முதல் சந்திப்பில் அத்தை நடுவில் உட்கார்ந்திருப்பார். இந்த முறை டீச்சர் சம்மதிக்கவில்லை. முடிவு செய்வதற்கு முன் ஒரு சுற்று போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்கள் படிவமே சொல்கிறது, அதுவும் சிவப்பு நட்சத்திரம் போட்டு என்றார். கண்ணாடிக்காரர் வேனில் வந்து இறங்கினார். விரல்களில் பழைய கீறல் தழும்புகள், நன்றாகத் தேய்த்த சட்டை. ஒரு சுற்று போய் வரலாமா என்று டீச்சர் கேட்டதும் தயங்காமல் கதவைத் திறந்துவிட்டார். அத்தை மாடி ஜன்னலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒரு சுற்று என்று போனவர்கள் பொழுது சாயும்போதுதான் வந்தார்கள். அடுத்த வாரமும் போனார்கள். மூன்றாவது வாரம் டீச்சர் போன் செய்து, முடிவு செய்துவிட்டோம் என்று மட்டும் சொன்னார்.

அத்தைக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே 'ஒரு சுற்று' கேள்வியைப் படித்துவிட்டு வேறு ஒரு குடும்பம் எழுந்து போயிருந்தது. அந்தக் குடும்பத்தின் தாத்தா படியில் நின்று பேசிய பேச்சு மருந்துக்கடையில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருந்தது. மாமா பக்கத்திலும் விற்பனை படுத்துவிட்டது. இரு வீட்டார் சம்மதத்தோடு பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஊரில் மிகக் குறைவு. இருவரும் தனித்தனியாக, ஆனால் ஒரே நாளில், ஒரே வார்த்தையைச் சொல்லி அனுப்பினார்கள். தனிப் படிவம் செய்து கொடு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.

பழைய மேலாளரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாரேன் என்று அம்மா மெல்ல ஆரம்பித்தாள். சின்னவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ரெண்டு பேரையும் ஒரே இடத்துக்கு வரச் சொல்லும்மா. நான் பேசிக்கறேன்."

மாமா முதன்முறையாக அத்தையின் அலுவலகப் படி ஏறினார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை. உங்கள் மாமாவை உட்காரச் சொல் என்றார். நிற்பதே வசதி என்று உங்கள் அத்தையிடம் சொல் என்றார் மாமா. சின்னவள் சொல்லவில்லை. டீச்சரும் கண்ணாடிக்காரரும் ஏற்கெனவே வந்து சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணம் நிச்சயமானவர்கள் வந்து கையெழுத்துப் போட்டுத் தங்கள் பதிவை முடித்துவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

அத்தையும் மாமாவும் மாறி மாறிக் குறைகளைச் சொல்லி முடிக்கும்வரை சின்னவள் பொறுத்தாள். லாரிக்காரர், தாத்தா, முன்பணத்தோடு மறைந்தவர் என்று எல்லோரும் வந்து போனார்கள். பிறகு அவள் கணினித் திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பினாள்.

"நான் மாத்த மாட்டேன்," என்றாள். "வேலையை வேற யார்கிட்ட கொடுத்தாலும் பரவாயில்லை. அவங்க உங்களுக்கு ரெண்டு ஃபாரம் செஞ்சு கொடுப்பாங்க. ரோஜா கலர் ஃபாரத்துல திரும்பவும் எல்லாரும் நல்ல குணம், எளிமைன்னு எழுதுவாங்க. என் கேள்வி வண்டிக்கு எழுதின கேள்விதான். எங்க அடிபட்டுது, என்ன சத்தம் வருதுன்னு வண்டியைப் பத்திக் கேட்கிறோம். கட்டிக்கப்போற மனுஷனைப் பத்திக் கேட்கக் கூடாதா? நேராக் கேட்டா நேரா பதில் வரும். இதோ, வந்திருக்கு."

கண்ணாடிக்காரரின் பதிவைத் திறந்து சத்தமாகப் படித்தாள். அடிபட்டதை மறைக்க விரும்பவில்லை என்ற இடத்தை இன்னொரு முறை படித்தாள். நடுவழியில் கைவிட்டது கிடையாது என்ற இடத்தில் அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி ஒரு குடும்பத்துக்குள் போனால் நன்றாக இருக்கும் என்று முடித்துவிட்டு இருவர் பக்கமும் திரும்பினாள்.

"இப்படி ஒரு பதிலை எந்த ஃபாரம் வாங்கியிருக்கு, சொல்லுங்க," என்றாள் சின்னவள். "படிவம் ஒண்ணு, டேட்டா வேற வேற. ஆரம்பத்திலிருந்து இதைத்தானே சொல்றேன்."

அத்தை முதலில் தோற்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுபோலக் கையை அசைத்தார். மாமா மட்டும் திரையைப் பார்க்காமல் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தைச் சுருக்கி, உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே, கடைப் பக்கம் வந்தீர்களா என்று கேட்டார்.

கண்ணாடிக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவர் முழங்கையை லேசாக இடித்து, சொல்லிவிடுங்கள் என்றார்.

அவர் எழுந்து நின்று, சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நான் இங்க பதிவே பண்ணலை, அது அத்தனையும் சார் கடையில விக்கறதுக்காக என் வேனைப் பத்தி எழுதினது, டீச்சர் அன்னைக்கு ஒரு சுற்று போலாமான்னு ஏறி உட்கார்ந்தப்பகூட, வண்டி வாங்க வந்தவங்கன்னுதான் நினைச்சேன்."